மனு யாருடைய மேசைக்குப் போக வேண்டும்? சேலத்துச் சந்திப்புகளையும் சாலைப் பலகைகளையும் சரிசெய்ய வைக்கும் வழி

சேலத்தில் ஒரு சந்திப்பு ஆபத்தானது என்பது அங்கே டீக்கடை வைத்திருப்பவருக்கும் ஆட்டோ நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கும் பல வருடங்களாகத் தெரிந்திருக்கும். அதைச் சரிசெய்யும் பொறுப்பும் நிதியும் உள்ள பொறியாளரின் மேசைக்கு மட்டும் அந்தச் செய்தி எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்காது. மனு எழுதியவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த மனு வேறொரு துறைக்குப் போயிருக்கும், அங்கிருந்து இன்னொரு துறைக்கு அனுப்பப்பட்டிருக்கும், அதற்குள் எழுதியவர் சலித்துப்போயிருப்பார். நான் இதுவரை எழுதிய சாலை மனுக்களில் பாதிக்கு மேல் முதல் முறை தவறான அலுவலகத்துக்குப் போனவை. ஆகவே இந்த வழிகாட்டியை மனு எழுதும் முறையிலிருந்து தொடங்காமல், சாலை யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

சாலை யாருடையது?

மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது என்பதாலேயே ஒரு சாலை மாநகராட்சியின் சாலை ஆகிவிடாது. பெங்களூரிலிருந்து வந்து நாமக்கல், மதுரை என்று தெற்கே இறங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை, சேலத்தில் தொடங்கிக் கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் 544, ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போகும் 79 ஆகிய மூன்றும் தேசிய நெடுஞ்சாலைகள். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி போன்ற புறவழிச்சாலைச் சந்திப்புகளில் நெடுஞ்சாலையின் பலகை சாய்ந்து கிடக்கிறது என்று மாநகராட்சிக்கு எழுதிப் பயனில்லை. அது தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட இயக்குநருக்குப் போக வேண்டிய கடிதம். ஊருக்குள் ஓடும் பெரிய சாலைகளில் பல, மாநில நெடுஞ்சாலைத் துறையின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கோட்டப் பொறியாளர் பெறுநர், உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு நகல். தெருக்களும் உட்சாலைகளும்தான் மாநகராட்சிக்கு உரியவை. அதன் 60 வார்டுகளும் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்களில் இருப்பதால், ஆணையருக்கு எழுதும் மனுவின் நகலை உங்கள் மண்டல அலுவலகத்திலும் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கன்னங்குறிச்சி போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலர்; ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்.

சிக்னலின் நேர ஒதுக்கீடு, ஒருவழிப் பாதை, பேரிகார்டு, வாகனம் நிறுத்தத் தடை ஆகியவை சாலையின் உரிமையாளரைப் பொறுத்தவை மட்டும் அல்ல. அவற்றில் போக்குவரத்துக் காவல் துறையின் சொல்தான் முன்னால் நிற்கும். மாநகருக்குள் மாநகரக் காவல் ஆணையருக்கும், மாநகருக்கு வெளியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுத வேண்டும்.

சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க முதலில் கிலோமீட்டர் கல்லைத் தேடுங்கள். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு நிறமாக இருந்தால் கிராமச் சாலை. கல்லே இல்லாத இடங்களில், சாலையோரப் புதரை வெட்டிக்கொண்டிருக்கும் சாலைப் பணியாளரிடம் நீங்கள் எந்த அலுவலகம் என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் விடை கிடைத்துவிடும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்கூட அவ்வளவு தெளிவான பதிலை நான் எதிர்பார்ப்பதில்லை. பெரிய சிக்கல், இரண்டு உரிமையாளர்களின் சாலைகள் சந்திக்கும் இடங்களில் வருகிறது. நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் மாநகராட்சித் தெரு வந்து சேர்கிறது என்றால், தெருவிலிருந்து வருபவர் பார்க்க வேண்டிய 'நில்' பலகையை யார் வைப்பது என்பதில் இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு இருவரையும் பெறுநர்களாகக் குறிப்பிட்டு ஒரே மனுவை எழுதி, 'கூட்டுப் புலத்தணிக்கை' செய்யுமாறு, அதாவது இரு அலுவலகங்களும் ஒன்றாக வந்து இடத்தைப் பார்க்குமாறு கேளுங்கள். அது அலுவலகங்களில் பழகிய சொல். அதைக் கண்டவுடன் கோப்பு எப்படி நகர வேண்டும் என்று எழுத்தருக்குப் புரிந்துவிடும்.

குறையை அளந்து சொல்லுதல்

'மிகவும் ஆபத்தான சந்திப்பு' என்ற சொற்றொடர் எந்தப் பொறியாளரையும் அசைப்பதில்லை. தினமும் அவர் படிக்கும் மனுக்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அவருடைய மொழி மீட்டரும் நொடியும். அதனால் மனு எழுதுவதற்கு முன்பு அந்த இடத்துக்கு மூன்று முறை போங்கள்: பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, முடிந்தால் மழை பெய்யும்போது ஒரு முறை.

முதலில் பார்வைத் தூரம். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் கணக்குப்படி, 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் தடையைக் கண்டு நிற்பதற்கு 60 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு இரண்டரை நொடி என்று அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டரை நொடியிலேயே வண்டி சுமார் 35 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே, கிளைச்சாலையின் நிறுத்தக்கோட்டில் நின்றுகொண்டு, பிரதானச் சாலையில் வருகிற வாகனம் முதன்முதலில் எந்த மரத்துக்கு அல்லது மின்கம்பத்துக்கு அருகில் கண்ணில் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போக்குவரத்து குறைந்த நேரத்தில் சாலையோரமாக அதுவரை நடந்து காலடிகளை எண்ணுங்கள். சராசரி ஆளின் காலடி முக்கால் மீட்டர் என்றால் 80 காலடி 60 மீட்டர். 50 காலடியிலேயே வாகனம் தெரியத் தொடங்கி, அங்கே வண்டிகள் 50 கிலோமீட்டருக்கு மேல் வருகின்றன என்றால், சந்திப்பின் குறை என்ன என்று எழுத உங்களுக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது.

படம் எடுக்கும்போது கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். ஓட்டுநரின் கண் மட்டம் தரையிலிருந்து 1.2 மீட்டர் என்று பொறியாளர்கள் கொள்வதால், கைபேசியை ஏறத்தாழ நெஞ்சுக்குக் கீழே வைத்து எடுங்கள். நின்றபடி எடுத்த படத்தில் தெளிவாகத் தெரியும் பலகை, அந்த உயரத்தில் வேலிச் செடிக்குப் பின்னால் மறைந்துபோவதை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இரவில் பலகையைச் சோதிக்க ஒரு டார்ச் லைட் போதும். முப்பது நாற்பது காலடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பலகை மீது அடியுங்கள். பலகையில் ஒட்டிய, ஒளியைத் திருப்பும் தாள் நல்ல நிலையில் இருந்தால் பலகை பளிச்சென்று திருப்பி ஒளிரும். மங்கலாகச் சாம்பல் பூத்துத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பகலில் புதிது போல இருக்கும் பலகைகளும் இந்தச் சோதனையில் தோற்பதுண்டு. பலகையின் பின்புறத்தில் நிறுவிய ஆண்டு எழுதப்பட்டிருந்தால் அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் உள்ள சந்திப்பு என்றால் வேலை எளிது. கைபேசியின் நேர அளவியைக் கொண்டு ஒவ்வொரு திசைக்கும் எத்தனை நொடி பச்சை விழுகிறது, பச்சை முடிந்த பின்னும் எத்தனை வண்டிகள் மிச்சம் நிற்கின்றன என்று பத்துச் சுற்றுகளுக்கு எழுதுங்கள். பாதசாரிகளுக்கு நொடிக்கு 1.2 மீட்டர் என்ற நடைவேகத்தில் கணக்கிட்டால், 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்கப் பன்னிரண்டு நொடி ஆகும்; முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அது போதாது. எட்டு நொடிதான் கிடைக்கிறது என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஐந்து ரோடு பகுதியில் 2020 ஜூனில் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் போன்ற கட்டுமானங்களுக்கு அடியில், தூண்கள் எதிர்த் திசை வாகனத்தை எந்த இடத்தில் மறைக்கின்றன என்பதையும் இப்படியே காலடியால் அளந்து சொல்ல முடியும். ஒரு வெள்ளைத்தாளில் கையால் வரைந்த வரைபடம் போதும். வடக்கு எது, எந்தக் கடை எங்கே, எந்த மின்கம்பத்தின் எண் என்ன என்பவை அதில் இருக்கட்டும். மின்கம்ப எண், கதவு எண் ஆகியவை கூகுள் வரைபடப் புள்ளியைவிடக் களப்பணியாளருக்கு உதவும்.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது

நம் மக்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: வேகத்தடை. விபத்து நடந்த மறுநாள் சாலை மறியல், அதற்கு மறுநாள் ஒரு வேகத்தடை என்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தியச் சாலைக் குழுமம் பரிந்துரைத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் ஏறி இறங்கினால் இடுப்பு நோகக் கூடாது. அதற்கு 40 மீட்டர் முன்பாக எச்சரிக்கைப் பலகையும், தடையின் மேல் வண்ணக்கோடும் இருக்க வேண்டும். ஊரார் நிர்ப்பந்தத்தில் இரவோடு இரவாகத் தார் கொட்டி எழுப்பிய குட்டிச்சுவர்களுக்கு இந்த இலக்கணம் எதுவும் கிடையாது. வர்ணம் அழிந்த பிறகு அவையே இருசக்கர வாகனங்களைக் கவிழ்க்கின்றன. வேகத்தடைதான் தீர்வா, அல்லது பார்வையை மறைக்கும் கிளையா, சாய்ந்த பலகையா, எரியாத விளக்கா என்று காரணத்தைத் தேடிய பிறகு கேளுங்கள். மனுவில் மருந்தை விட்டுவிட்டு நோயை எழுதினாலும் பாதகமில்லை. பொறியாளர் மருந்தைக் கண்டுபிடிப்பார்.

பலகை பற்றிக் கேட்கும்போது அதன் வகையைச் சரியாகச் சொல்வது நல்லது. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை அல்லது கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். எண்கோணம் 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'. வடிவத்தாலேயே பொருள் புரிய வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாடு. முச்சந்தியில் 'மெதுவாகச் செல்லவும்' என்று நன்கொடையாளர் பெயரோடு வைக்கும் தகரப் பலகை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. ஆர்வத்தில் நீங்களே பலகை நடுவதோ கோடு போடுவதோ வேண்டாம். அது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 116ஆம் பிரிவின்படி அரசும் அதன் அதிகாரம் பெற்ற அமைப்புகளும் செய்ய வேண்டிய வேலை. அதே பிரிவில் நமக்குப் பயன்படும் இன்னொன்று இருக்கிறது: சாலைப் பலகையை மறைக்கும்படியோ, அதைப் போலவே தோன்றிக் குழப்பும்படியோ வைக்கப்பட்ட விளம்பரத்தை அகற்ற, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கு அரசு அதிகாரம் அளிக்கலாம். கண்ணீர் அஞ்சலி பேனரோ கட்சிப் பேனரோ பலகையை மறைத்தால், பேனரைப் பற்றிப் பொதுவாகப் புலம்பாமல், 'போக்குவரத்துப் பலகை மறைக்கப்பட்டுள்ளது' என்று இந்தப் பிரிவைக் காட்டி எழுதுங்கள். புலம்பலைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

மரத்தின் கிளை மறைத்தால், கிளையைக் கவாத்துச் செய்யக் கேளுங்கள். மரத்தை வெட்டக் கேட்காதீர்கள். மரம் வெட்ட அனுமதி தேடிக் கோப்பு சுற்றத் தொடங்கினால் உங்கள் பலகை அடுத்த பருவமழை வரை மறைந்தே இருக்கும். மரமும் போய்விடும்.

மனு

ஒரு மனுவில் ஓர் இடம், ஒரு குறை. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு முச்சந்திக்காக முதலில் எழுதிய மனு மூன்று பக்கம்; அதில் மறைந்த பலகை, எரியாத தெருவிளக்கு, சாக்கடை மூடி, தெருநாய், கடைக்காரர் ஆக்கிரமிப்பு எல்லாம் இருந்தன. ஐந்து வாரம் கழித்து வந்த பதில், 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்றது. எந்த அலுவலர் என்று அதில் இல்லை. ஐந்து குறைகளுக்கும் ஐந்து வெவ்வேறு அலுவலர்கள் இருக்கும்போது எழுத்தர்தான் என்ன செய்வார்?

இரண்டாம் மனு ஒரே பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகியவற்றுக்குப் பிறகு விஷயம் இவ்வளவுதான்: 'கிளைச்சாலையில் உள்ள நில் பலகை புங்கமரக் கிளையால் மறைந்துள்ளது. 45 மீட்டரிலிருந்து தெரிய வேண்டிய பலகை 14 மீட்டரில்தான் தெரிகிறது. பலகை தெற்கு நோக்கித் திரும்பியும் உள்ளது. நிறுத்தக்கோடு அழிந்துவிட்டது. காலை 8.30 முதல் 9.15 வரை பள்ளி மாணவர்கள் இந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றனர். கிளையைக் கவாத்துச் செய்து, பலகையை நேராக்கி, கோட்டை மீண்டும் வரைந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இணைப்பாக மூன்று படங்கள், ஒரு வரைபடம். பத்தொன்பதாம் நாள் உதவிப் பொறியாளர் டேப்போடு வந்தார். உடன் வந்த சாலைப் பணியாளர்கள் இருவர் அரிவாளால் இரண்டு கிளைகளைத் தறித்துவிட்டு, பலகையின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி முடுக்கினார்கள். எல்லாம் அரை மணி நேர வேலை. கோட்டுக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது. சூடாக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்ட் வேலையை ஒரு சந்திப்புக்காகத் தனியாக ஒப்பந்தம் விட முடியாது, பல இடங்களைச் சேர்த்துத்தான் டெண்டர் போடுவோம் என்று அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கையாலும் அரிவாளாலும் முடிகிற வேலையையும் டெண்டர் தேவைப்படும் வேலையையும் மனுவில் தனித்தனி வாக்கியங்களாகக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. பிரித்துக் கேட்டால் முதலாவது உடனே நடக்கும். சேர்த்துக் கேட்டால் இரண்டும் இரண்டாவதின் வேகத்திலேயே நகரும்.

கையெழுத்து வேட்டையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இருநூறு பேர் கையெழுத்தைவிட, அந்தச் சந்திப்பில் பள்ளி நடத்தும் தலைமையாசிரியரின் முத்திரையோடு ஒரு கடிதமும், வார்டு கவுன்சிலரின் பரிந்துரையும் கனமானவை.

கொடுப்பதும் தொடர்வதும்

மனுவை நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகையோடு விரைவு அஞ்சல். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அந்த எண் பின்னர் உதவும். ஆனால் அங்கே கொடுத்த மனுவும் கடைசியில் அதே பொறியாளரிடம்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளின் பள்ளங்களுக்கு 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. விழுந்து கிடக்கும் பலகை, திறந்து கிடக்கும் குழி போன்ற இன்றைக்கே கவனிக்க வேண்டியவற்றுக்குத் தொலைபேசியும் செயலியும் ஏற்றவை. சந்திப்பின் வடிவத்தையே மாற்ற வேண்டும் என்றால் காகிதம்தான் வழி. கிராமப் பகுதிகளில் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால், ஊராட்சி ஒன்றியச் சாலைகளுக்கு அதைவிட வலுவான இணைப்பு வேறில்லை.

மனுவுக்கு மூன்று நாள்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் முடிவும் தெரிவிக்க வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது. மாதம் கடந்தும் பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதத்தில் இந்த ஆணையைக் குறிப்பிடுங்கள். பதில் வந்தால் அதன் தலையில் உள்ள, கோப்பின் அடையாளமான ந.க. எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்து எழுதும் எல்லாக் கடிதங்களிலும் 'பார்வை' என்ற இடத்தில் அதைப் போடுங்கள். எண் இல்லாத கடிதம் புதிய கோப்பாகும். எண்ணுள்ள கடிதம் பழைய கோப்பைத் திறக்கும். 'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்' என்று பதில் வந்தால் பலர் அதை மறுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். குறையை அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இந்தச் சாலை எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது, என் மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், இந்த வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, ஆம் எனில் தேதியும் தொகையும், இந்தச் சாலையில் கடைசியாகப் பலகைகள் எப்போது ஆய்வு செய்யப்பட்டன. ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் இந்தச் சட்டம் தரும், காரணத்தைத் தராது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாள்களுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். சாலை யாருடையது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு அதுவே மலிவான வழி. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இன்னும் மேலே போக வேண்டியிருந்தால் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவை அணுகலாம். ஆட்சியர் தலைமையில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, உள்ளாட்சித் துறைகள் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது; ஒன்றையொன்று கைகாட்டும் அலுவலகங்களுக்கு அங்கே கைகாட்ட இடமில்லை. நம் பக்கத்து ஊரான கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, எல்லா மாவட்டங்களிலும் இத்தகைய குழு இருக்க வேண்டும் என்றது. குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதி, உங்கள் சந்திப்பை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கக் கேளுங்கள்.

அந்த மேசையில் பேசப்படும் முதல் சொல் 'பிளாக் ஸ்பாட்'. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் அல்லது பத்து உயிரிழப்புகள் நிகழ்ந்திருந்தால்தான் அந்த இடம் அப்படிக் கருதப்படும். இந்தக் கணக்கு காவல் நிலையப் பதிவிலிருந்து வருகிறது. இன்று சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய மின்னணு விபத்துப் பதிவு முறையில் காவலர்கள் இடத்தையும் சேர்த்தே பதிகிறார்கள். ஆனால் நம் ஊரில் சின்ன விபத்து என்றால் 'கேஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்' என்பதுதான் நடைமுறை. கையெலும்பு முறிந்தவர்கூட மருத்துவச் செலவை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அந்த விபத்து கணக்கில் வராது, சந்திப்பு பட்டியலில் ஏறாது. பதிவாகாத விபத்துகளைத் தேதி, நேரம், வண்டி வகையோடு கடைக்காரர் ஒருவரை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி, அதன் நகலைக் குழுவுக்கு அனுப்புவது சட்டப்படியான கணக்காகாது என்றாலும், கூட்டத்தில் யாராலும் தள்ளிவிட முடியாத தாளாக இருக்கும்.

பலகையால் தீராத குறைகளும் உண்டு. சேலம் – உளுந்தூர்பேட்டைச் சாலையில் நான்குவழியாக வந்த வாகனங்கள், புறவழிச்சாலைகளில் திடீரென இருவழிக்குள் நெருக்கியடித்து நுழைய வேண்டியிருந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதற்குத் தேவைப்பட்டது சாலை விரிவாக்கம், அதற்குச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டத்தில்தான் பேச வேண்டியிருந்தது. உடனடி உயிர் ஆபத்து உள்ள பொதுத் தொல்லை என்றால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின் கீழ், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து நிர்வாக நடுவரின் உத்தரவு கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்ததுதான் இது. மோசமான வடிவமைப்பாலும் பராமரிப்பாலும் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்கிறது. அதை முதல் மனுவிலேயே எழுதிப் பொறியாளரை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவர் வேலை செய்யும் மனநிலையிலிருந்து தற்காப்பு மனநிலைக்குப் போய்விடுவார்.

ஏற்காடு மலைப்பாதை

மலைக்கு வேறு கணக்கு. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஆனால் வழியெங்கும் இருபுறமும் வனம். வளைவை அகலப்படுத்தக் கேட்டால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு பாறையைக்கூட அசைக்க முடியாது. ஆகவே இருக்கிற அகலத்துக்குள் செய்யக்கூடியதைக் கேளுங்கள். குவியாடி, வளைவின் வெளிவிளிம்பில் அம்புக்குறிப் பலகைகள், தடுப்புச்சுவரில் ஒளிர்பட்டை, மூடுபனியில் கண்ணுக்குத் தெரியும் ஓரக்கோடு ஆகியவை அந்த வகை. குவியாடியில் பனி படிந்தும் தூசு ஏறியும் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. அப்போது புதிய ஆடி கேட்பதைவிட, மாதம் ஒருமுறை துடைப்பதைச் சாலைப் பணியாளரின் வேலைப் பட்டியலில் சேர்க்கக் கேட்பது அறிவு.

மலையில் இடத்தைச் சொல்வது கடினம் என்று நினைக்க வேண்டாம். வளைவுகளின் எண் இருக்கிறதே, அதைவிட நல்ல முகவரி ஏது? 'ஒன்பதாவது வளைவிலிருந்து பத்தாவதை நோக்கி ஏறும்போது இடப்புறம், மூன்றாவது தடுப்புக்கல்' என்று எழுதினால் போதும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சமவெளியிலிருந்து வார இறுதியில் வருபவர்களில் பலர் அதை அறியாததால், அடிவாரத்தில் அதைச் சொல்லும் பலகை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். காட்டெருமை கடக்கும் இடத்துக்கு எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்றால் நெடுஞ்சாலைத் துறையோடு வனச்சரகருக்கும் நகல் அனுப்புங்கள். விலங்கு எங்கே கடக்கிறது என்று உறுதிசெய்யக்கூடியவர் அவர்தான். குப்பனூர் வழியாக ஏறும் பாதைக்குத் தனி மனு எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தால் எது எந்த வளைவு என்று குழம்பும். மேலே நாகலூர் போன்ற பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா, எஸ்டேட்டின் சொந்தப் பாதையா என்ற கேள்விக்கு முதலில் விடை தேட வேண்டும். எஸ்டேட் பாதைக்கு எந்த அரசு அலுவலகமும் பலகை வைக்காது.

வேலை முடிந்த பிறகு இரண்டு வரி நன்றிக் கடிதம் எழுதி, அதே கடிதத்தில் புதிய பலகையைச் சாலைப் பதிவேட்டில் சேர்க்குமாறு கேளுங்கள். பதிவேட்டில் இல்லாத பலகை லாரி இடித்துச் சாய்ந்தால் மீண்டும் முதலிலிருந்து மனுதான். பலகையை இடித்தவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் அதே 116ஆம் பிரிவில் உள்ளது. எங்கள் முச்சந்தியில் புங்கமரம் இந்த ஆடி மாதத்தில் மறுபடி துளிர்த்து, பலகையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பழைய ந.க. எண்ணைப் போட்டு அரைப் பக்கத்தில் நினைவூட்டுக் கடிதம் தயாராகிவிட்டது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.